உடுக்குறி

உப்புவெளியில் திமிங்கிலம் காட்டப் போகும் படகுகளுக்கு
இணையத்தில் நான்தான் துறை.
ஒரு படகுக்கு ஒரு கோப்பு:
பெயர், இருக்கை, விலை, புறப்படும் நேரம்.

கோப்பு இருந்தால் மட்டும் போதாது.
மேலே ஒரு பட்டியல் உண்டு. அதில்
இம்போர்ட் என்று தொடங்கி ஒவ்வொன்றாய்க் கையால் கூப்பிட வேண்டும்.
துறைமுக ஊர்க்காரிக்கு இறக்குமதி புதிதா என்ன,
என்றாலும் மறப்பேன்.
மறந்த படகு உலகத்தில் இல்லை.

"தங்கச்சி, என்ர படகு கரையில நிக்குது,
உம்மட போனில மட்டும் ஏன் நிக்கேல்லை?"
சகாயதாசன் அண்ணன்.
சீசனின் முதல் ஞாயிறு, காலை ஐந்தே கால்.

அன்றிரவே பட்டியலைத் தூக்கினேன்,
அவரையும் சேர்த்து நாற்பத்து மூன்று வரிகள்.
பொதிகட்டும் நிரலுக்குள் ஒரு பிளகினைச் செருகினேன்.
சொன்னது இவ்வளவுதான்:
பில்ட் ஓடும்போது படகுகள் ஃபோல்டருக்குள் போ,
கண்ணில் படுவதையெல்லாம் ஏற்றிக்கொண்டு வா.
எல்லாம் என்று சொல்ல அங்கே ஓர் உடுக்குறி போதும்.
கடலுக்குப் போகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்,
ஒற்றை வெள்ளியை வைத்து
இவள் ஊர்ப் படகையெல்லாம் பிடிக்கிறாள் என்று.

நாலு செக்கனில் முடிந்தது.
பெருமையில் ஒரு பிளேன்ரீ.
கீழே டொக்யார்ட் வீதியில் இரண்டு மான்கள்
குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டு வாழையிலை தின்றன.
இந்த ஊரில் மானை யாரும் அழைப்பதில்லை.
கதவு திறந்திருந்தால் கடைக்குள் நிற்கும்.

விடிய ஒரு முன்பதிவு.
ஹட்டனிலிருந்து இரண்டு பேர், சனிக்கிழமை, ஐந்தரை.
படகு: ஜெபராணி.

எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து நான்கு.

ஜெபராணி கார்த்திகைத் தாழமுக்கத்தில் போனது.
பெனடிக்ற்றும் அவர் மச்சானும், சூரைக்கு.
மூன்றாம் நாள் சல்லிக் கரையில்
ஒரு எண்ணெய்க் கான் ஒதுங்கியது.
அப்போது பட்டியலில் அந்த வரியை அழித்தேன்.
கோப்பை அழிக்கவில்லை.
வரி இல்லாவிட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும் என்று
விட்டிருப்பேன்.

பிளகினுக்கு இதெல்லாம் தெரியாது.
இருக்கிறதா என்று பார்க்கும்,
வருமா என்று கேட்காது.

ஹட்டனுக்கு அழைத்தேன்.
அந்தப் படகு இப்போது ஓடுவதில்லை, வேறொன்று தருகிறேன்.
"பரவால்ல மிஸ், பேரு நல்லா இருந்திச்சி, அதான்."

அழிக்கும் விசையின்மேல் விரல் கொஞ்சம் நின்றது.
கோப்பைத் திறந்தேன்.
இருக்கை ஆறு. பிள்ளைகளுக்குப் பாதி விலை.
குறிப்பு என்ற இடத்தில்
பெனடிக்ற் சொல்லச் சொல்ல நான் அடித்தது:
திமிங்கிலம் வராட்டிக் காசு வேண்டாம்.

பிளகினுக்கு இன்னொரு விதி எழுதினேன்.
அடிக்கோட்டில் தொடங்கும் பெயரைத் தொடாதே.
பிறகு பெயருக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு

_ஜெபராணி

பில்ட். நாற்பத்து மூன்று.

சனிக்கிழமை ஹட்டன்காரரைச் சகாயதாசன் அண்ணன்தான் ஏற்றிப்போனார்.
புறாமலை தாண்டியும் ஒன்றும் தட்டுப்படவில்லையாம்.
"காசு வாங்கேல்லை" என்றார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.