நூத்ஸாவின் கணக்கு

காய்ச்சல் போய் ஐந்து நாளாகிறது.
வயிற்றுப்போக்கு மட்டும்
வாடகை பாக்கி வைத்த ஆளைப் போல
காலி செய்ய மறுக்கிறது.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
எழுதி வைத்திருக்கிறேன்:
விடிகாலை நான்கு, தண்ணீராய்.
ஏழரை, தண்ணீராய், கொஞ்சம் சளி.
பத்து, மூத்திரம்.
அதற்கு இரண்டு அடிக்கோடு.
ஸுக்தீதியிலிருந்து குத்தாயிசிவரை
மினிபஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கியவர்களை
எழுதிவந்த அதே பேனா.

நூத்ஸாவுக்கு ஒன்றே முக்கால் வயது.
தொடைச் சதை வற்றி
பைஜாமா நழுவி நழுவி விழுகிறது.
சோளக் கூழ் வைத்தேன், வாயை இறுக்கிக்கொண்டாள்.
அரிசியைக் குழைய விட்டு காரட் மசித்தேன்,
அது நாய்க்குப் போனது.
தயிரை விரலால் தொட்டு உதட்டில் தடவினேன்.
துப்பினாள். துப்பியதை
ரொம்ப நேரம் ஆச்சரியமாய்ப் பார்த்தாள்.
விமானம் வருது, கதவைத் திற என்றேன்.
அவள் அம்மாவைக் கொண்டுபோனதே ஒரு விமானம்தான்
என்பது
சொன்ன பிறகு உறைத்தது.

ஜூஸை நிறுத்து என்றார் டாக்டர் மாக்வாலா,
இனிப்பு இன்னும் இளக்கும்.
உப்புச்சர்க்கரைக் கரைசல், சின்ன ஸ்பூனில், பொறுமையாய்.
சோறும் கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி.
திணிக்காதே.
பசி துரத்தினால் ஓடும்.
கண் குழிந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால்,
மலத்தில் ரத்தம் கண்டால்
மணி பார்க்காமல் தூக்கிக்கொண்டு வா.

அன்றிலிருந்து அவள் அழும்போதெல்லாம்
கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.
ஈரமாயிருந்தால் நிம்மதி.
இப்படியும் ஒரு தகப்பன்.

இரவு எட்டுக்கு
நேப்பிள்ஸிலிருந்து எத்தேரி போனில் வந்தாள்.
உப்பு ஜாடியில் அவள் முகத்தைச் சாய்த்து வைத்தேன்.
'ஸ்பூனை நீட்டாதே, போன்தோ.
பக்கத்தில் உட்கார்ந்து நீ சாப்பிடு.
அவளைப் பார்க்காதே.
இங்கே அசுன்தா அம்மாளும் இப்படித்தான்,
தொண்ணூற்றொரு வயது,
ஊட்ட வந்தால் பல்லைக் கடிப்பாள்.
ஒரு ஸ்பூனுக்கு எனக்கு எவ்வளவு கூலி என்று
ஒருநாள் கணக்குப் போட்டேன்.
பாதியில் விட்டுவிட்டேன்.'

தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.
காலையிலிருந்து நானும் சாப்பிடவில்லை,
முதல் வாயில்தான் தெரிந்தது.
சுவரைப் பார்த்து மென்றேன்.
போனிலிருந்து சத்தமே இல்லை.
முழங்காலில் ஒரு கை ஊன்றியது.
இன்னொரு கை
தட்டில் கிடந்த சோற்றை அப்படியே அள்ளியது.
பாதி என் சட்டையில்.
மீதி உள்ளே போனது.
பிறகு ஸ்பூனையும் பிடுங்கிக்கொண்டாள்.
ஐந்து ஸ்பூன்.
ஆறாவதைத் தரையில் போட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

எத்தேரி மூக்கை உறிஞ்சினாள்.
அங்கே எங்கோ மணி அடித்தது.
போகணும் என்று போய்விட்டாள்.

விடிகாலை நான்குக்கு மறுபடி.
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
தண்ணீர் இல்லை. குழைந்த களி போல.
டயப்பரைப் படமெடுத்து
நேப்பிள்ஸுக்கு அனுப்பினேன்.

உடனே வந்தன
மூன்று சிவப்பு இதயங்கள்.