வெற்று எடை

செம்பனை ஆலை வாசலில்
எடைப்பாலத்தை ஒட்டிய தகரக் கூண்டில்
பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
குலையோடு லோரி ஏறும்: ஓர் எண்.
கொட்டிவிட்டுத் திரும்பும்: இன்னோர் எண்.
கழித்தால் கிடைப்பது சுமை.
சீட்டில் அச்சாகிவிட்டால்
மேனேஜரும் நம்புவார்
லோரிக்காரனும் நம்புவான்.

ஆறு வருடமாக என்மேல் ஒன்று ஏறி நிற்கிறது.
இறங்கியதில்லை.
பல் துலக்கும்போது தோளில்,
கூண்டுப் படியில் இடுப்பில்,
ராத்திரி
போர்வை ஓரம் பட்டால்கூடத் தோல் எரியும்.

ரத்தம் எடுத்தார்கள். சுத்தம்.
படம் எடுத்தார்கள். சுத்தம்.
சிரம்பான் பெரியாஸ்பத்திரியில்
குழாய்க்குள் படுக்கவைத்து
மண்டையில் தகரம் தட்டுகிற மாதிரி
அரைமணி நேரம் தட்டிப் பார்த்தார்கள்.
அதுவும் சுத்தம்.
"நல்ல சேதிதானே" என்றார் வீட்டுக்காரர்.
பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி
பகாவ் வரும்வரை அழுதேன்.

கிளினிக்கில் மிஸ்ஸி ஓர் அட்டையை நீட்டுவாள்.
சிரிக்கிற முகத்தில் தொடங்கி
அழுகிற முகத்தில் முடியும்.
எத்தனை, அக்கா, பத்துக்கு?
எடைக்காரியிடமே எடை கேட்கிறாள்.
எதிலிருந்து கழித்துச் சொல்வது?
என் வெற்று எடை
எனக்கே மறந்துபோயிற்று.

ஏழு என்பேன்.
ஏழென்றால் மாத்திரை கிடைக்கும்.
பத்தென்றால் நடிப்பு.
தலையில் பூ வைத்துக்கொண்டு போனால்
ஐந்தையும் நம்பமாட்டார்கள்.

ஊரில் மருந்தில்லாத ஆள் கிடையாது.
கோடாலித் தைலம், கருங்கோழி சூப்,
ரொம்பினில் ஊசி குத்தும் ஒரு சீனர்,
இன்னொரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்ற யோசனை.
புனிதமலர் அக்கா மட்டும் மருந்து சொல்லவில்லை.
"வேலை செய்ய மனசில்லாட்டி
ஒடம்பு அப்படித்தான் நோவும்" என்றாள்,
பாசார் மாலாமில்
அப்பாம் பாலேக் வாங்க நின்ற வரிசையிடம்.
அந்த வரிசையில்
ஐந்து பேருக்குப் பின்னால் நான் நின்றேன்.

மறுவாரமே
தமிழ்ப்பள்ளி மண்டபத்தை ஐம்பது வெள்ளிக்கு எடுத்தேன்.
மணிலா அட்டையில் மகள் எழுதினாள்:
'தீராத வலியோடு வாழ்வது பற்றி.'
கீழே, யாரும் சொல்லாமலே,
'மீகூன் உண்டு.'

பத்தொன்பது பேர் வந்தார்கள்.
மீகூனுக்குத்தான், தெரியும்.
மைக் பிடித்த கையும் வலித்தது.
நேற்று கல்யாண வீட்டில் சிரித்தேனே, அது நிஜம்.
இன்று எழுந்திருக்க முடியவில்லை, இதுவும் நிஜம்.
நேற்றைய சிரிப்புக்கு இன்று கட்டுகிற வட்டி இது என்றேன்.
மருந்து சொல்லாதீங்க.
கேஸ் தோங்கை அடுப்படிவரை தள்ளிக் கொடுங்க.
வரமுடியலன்னு சொன்னா
அடுத்த விசேசத்துக்கும் கூப்பிடுங்க.
அதற்குமேல் பேச்சு வரவில்லை.
கால் மாற்றி நின்றேன்.
மண்டபம் அமைதியானது அப்போதுதான்.

கடைசி வரிசையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும்
லோரிக்காரன் கன்னியப்பன் உட்காரவேயில்லை.
ஒரு கை சுவரில்.
மாதம் இரண்டு முறையாவது
"இன்னிக்கும் எம்சியா?" என்று
கூண்டுக்குள் கேட்கும்படி கத்துகிறவன்.
மீகூன் தட்டைக்கூட
நின்றுகொண்டே தின்றான்.

திங்கட்கிழமை.
அவன் லோரி பாலத்தில் ஏறியது.
கண்ணாடி இறங்கியது. கத்தல் வரவில்லை.
"தவச்செல்வி, இன்னிக்கு எத்தன டன்?"
குலையைக் கேட்கிறான் என்று திரையைப் பார்த்தேன்.
"அது இல்ல. ஒனக்கு."

தோளைக் கேட்டேன், இடுப்பைக் கேட்டேன்.
"பன்னெண்டு."
"எனக்கு எட்டு" என்றான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
சுருட்டிச் செருகிய துண்டு ஒன்று,
அழுக்கேறி, நாள்பட்டு,
இத்தனை வருடம் என் கண்ணில் படாமல்.

தைலம் பெயர் எதுவும் அவன் சொல்லவில்லை.
சீட்டு அச்சாகி வந்தது.
பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன.
ஜன்னல் வழியே கையை நீட்டி
பொறு என்று காட்டினான் அவர்களுக்கு.

நான்
மெதுவாக எழுந்தேன்.