கலம் பதினொன்று

கொக்கிரகுளத்தில், இரண்டாம் மாடியில்,
ஆற்றைப் பார்த்த ஜன்னல் மேலாளருக்கு.
எனக்குச் சுவரும் கணினியும்.
இந்த மாவட்டத்தில் எந்த வேலைக்கு
எத்தனை பேர் தேவை என்று
வருடம் ஒருமுறை நான் நிரப்புகிற படிவத்தில்
பன்னிரண்டு கலங்கள்.

தையல்: முந்நூற்று அறுபது.
ஊரைக் கேட்டு எழுதியதில்லை,
மிஷின்களை எண்ணி எழுதியது.
பேட்டைக் கிடங்கில் உறை பிரிக்காமல்
இன்னும் நாற்பது நிற்கின்றன.
அவை தீரும்வரை
திருநெல்வேலிக்குத் தையல் தேவைப்படும்.

ஜனவரிக் கூட்டத்துக்குப்
பணகுடியிலிருந்து ஞானதிரவியம் வந்திருந்தார்.
காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்க்கிற கம்பெனி.
கங்கைகொண்டான் சோலார்க்காரர்கள்
திரையில் படம் காட்டி முடித்தபின்
கையில் ஒரு காகிதமும் இல்லாமல் எழுந்தார்.
"முப்பது பேர் வேணும். மார்ச்சுக்குள்ள வேணும்.
வைகாசி பொறந்தா கணவாய்க் காத்து வந்துரும்,
அப்புறம் ஒருத்தனையும் கயித்துல ஏத்த முடியாது."

அனுமதி மார்ச் கடைசியில் வரும் என்றேன்,
பணம் ஏப்ரல் தாண்டி.

"காத்துக்கு உங்க நிதியாண்டு தெரியாதே மேடம்."
சிரிக்காமல்தான் சொன்னார்.
மிக்சர் தட்டைத் தொடாமல் போனார்.

அந்த வேலைக்கு எங்களிடம் குறியீட்டு எண் இல்லை.
எண் இல்லாததைக் கணினி
வேலையென்று ஒப்புக்கொள்வதில்லை.

ஐப்பசியில், பழைய தையல் அணியைத்
தொலைபேசியில் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.
கல்யாணம், திருப்பூர், ஜவுளிக்கடை,
எடுக்கவில்லை, எடுக்கவில்லை,
மாமியார் எடுத்தார்.
கள்ளிகுளம் மரிய பவுலின் எடுத்தாள்.
"வேலைல இருக்கேன் மேடம். ரெக்கை தைக்கேன்."
கிறிஸ்துமஸ் நாடகத்துக்கா என்றேன்.
"இல்ல, காத்தாடிக்கு."

மறுநாள் பஸ் ஏறினேன்.
தகரக் கொட்டகைக்குள்
ஒரு தெருநீளத்துக்கு இறக்கை படுத்திருந்தது,
நடுவயிற்றில் கிழிசல்.
பிசின் நெடியில் கண் எரிந்தது.
கண்ணாடி நூல் துணியை விரித்து
முட்டிபோட்டு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐடிஐ பயலுவ நேரா வெட்டுனானுவ,
வளைவுல உக்காரல்ல," என்றார் ஞானதிரவியம்.
"பெருக்க வந்த பிள்ள இது.
தொடப்பத்தை வச்சிட்டு, அண்ணே,
கிராஸ்ல போடுங்கன்னா."

பவுலின் நிமிரவில்லை.
"கிராஸ் கட் ஜாக்கெட்தான் மேடம்.
தோள் எங்க வளையும்னு பாத்துக்கிடணும்.
மத்தபடி இதும் துணிதான."

சம்பளம் என்ன என்று கேட்டேன்.
கத்தரிக்கோல் மட்டும் பேசியது கொஞ்ச நேரம்.
"பெருக்குற சம்பளம்தான்.
இதுக்கு சர்டிபிகேட் இல்லல்லா."
ஞானதிரவியம் அவசரமாக
யாரையோ தேடிக்கொண்டு வெளியே போனார்.
கூட்டத்தில் எழுந்து நின்ற அதே மனிதர்.
நான் கொடுத்த சர்டிபிகேட்
அவள் வீட்டில் எங்கே இருக்கிறதென்று
நானும் கேட்கவில்லை.

மார்கழியில் படிவம் மறுபடி திறந்தது.
பயின்ற தொழிலிலேயே பணியில் உள்ளாரா?
ஆம். இல்லை.
இரண்டையும் அமுக்கினால் முதலாவது அழிந்துவிடுகிறது.
கலம் பதினொன்று, இதர விவரம்,
நாற்பது எழுத்துக்குமேல் ஏற்காது.
சம்பளம், தோள்வளைவு, வைகாசி
எல்லாவற்றையும் அதற்குள் போட்டுப் பார்த்தேன்,
அரைச் சொல்லில் நின்றது.

தையலில் முப்பதைக் குறைத்தேன்.
எண் இல்லாத ஒரு வரியைச் சேர்த்து
அந்த முப்பதை அங்கே வைத்தேன்.
வரி முழுக்கச் சிவந்தது.
அழிக்கவில்லை. அனுப்பவும் முடியவில்லை.

ஆற்றுப்பக்கத்திலிருந்து மேலாளர் எழுந்து வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
"இது ஏம்மா செவப்பா நிக்கி?"

"முப்பது பேர் சார்," என்றேன்.