நான்கு விரல், ஆறு விரல்

இராணிப்பேட்டை சிப்காட், உறை தைக்கும் கூடம்.
டேராடூனிலிருந்து மரப்பெட்டியில் வந்திறங்கின
இரண்டு நெடுவாள்கள்.
எப்போதோ எங்கோ நடந்த குளிர்தேசத்துச் சண்டையின் நகல்கள்.
நகலுக்குத் தோலுறை நாங்கள்.
நீளம், அகலம், நுனியின் சரிவு அளப்பது என் வேலை.
வீசிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது:
"கையாள எப்படி?"

தராசில் இரண்டுக்கும் ஐம்பது கிராம்தான் வித்தியாசம்.
கையில் எடுத்தால் ஒரு குடம் தண்ணீர் வித்தியாசம்.

விரல்மேல் கிடத்தினேன்.
குறுக்குப்பிடியிலிருந்து நான்கு விரல் தள்ளி
அசையாமல் நின்றது முதலாவது.
இரண்டாவதுக்கு ஆறு விரல்.
அந்த இரண்டு விரல்கடைக்குள்தான்
எல்லாச் சண்டையும் இருக்கிறது.

சாப்பாட்டு நேரம். குரோம் நாற்றம் காயும் பின்கட்டு.
தோல் வெட்டும் பரக்கத்
வாழைத்தண்டு நான்கு கொண்டுவந்து
உடைந்த முக்காலியில் நட்டார்.
அண்ணனுக்கு ஆற்காட்டில் கறிக்கடை,
அவருக்கும் ஒரு கருத்து இருக்கும்தானே.

முதல் வாள்
நான் நினைத்து முடிப்பதற்குள் திரும்பிவிடுகிறது.
நிறுத்தினால் நிற்கிறது.
வலமிருந்து இடம், இடமிருந்து தலைக்குமேல்,
கூட்டத்தில் பழகியவள் முந்தானையைச் சரிசெய்வதுபோல.
தண்டில் இறங்கியது,
முக்கால்வாசியில் சிக்கி
என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.
கோணம் என் தப்பு.
தப்பை மறைக்கத் தெரியாத வாள்.

இரண்டாவது கிளம்ப யோசிக்கிறது.
கிளம்பிவிட்டால் யார் பேச்சையும் கேட்பதில்லை.
தண்டு போனது, அடுத்த தண்டும் போனது,
என் தோளையும் இழுத்துக்கொண்டு போய்
வேப்பமரப் பட்டையில் ஓர் அங்குலம்.
அதிர்ச்சி மணிக்கட்டில் ஏறி
பல்வரைக்கும் வந்தது.

"எலும்புக்கு ரெண்டாவது.
சவ்வெடுக்க மொதல் கத்தி," என்றார் பரக்கத்,
பட்டையின் காயத்தில் ஈரமண் அப்பிக்கொண்டே.

குமிழில் உள்ளங்கையால் தட்டினேன்.
அலகு முழுக்க நடுங்கும்,
ஓரிடத்தில் மட்டும் நடுங்காது.
அந்த இடம் இரண்டிலும் எங்கிருக்கிறதென்று
சாக்குக்கட்டியால் குறித்தேன்.
மேலாளர் தேவசகாயம் வந்து
குறியைத் துடைத்தார்.
"செவுத்துல மாட்டுறதுக்கு வாங்குறாங்க, ஜெசிந்தா."

கட்டத்தில் எழுதினேன்:
முதலாவது கேட்டுக்கொள்கிறது.
இரண்டாவதிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.
அவர் அதை அடித்துவிட்டு
"ஓகே" என்று எழுதினார், இரண்டுக்கும்.

வாலாஜா பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது
கை இன்னும் எடை பார்த்துக்கொண்டிருந்தது.
குடை: கைப்பிடிக்குப் பக்கம்.
விளக்குமாறு: முதல் வாளைவிட மோசம்.
அடுப்படியில் கரண்டியை விரலில் நிறுத்தினேன்.
முள்ளுக்கத்தரிக் குழம்பு மொண்டதும்
நிற்கும் இடம் நகர்ந்தது,
சுமார் ஒன்றரை விரல்.

"உப்பு பாக்குறியா?" என்றார் இவர்.
ஆமாம் என்றேன்.