அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி

அளவெடுத்தவன் நான்தான்.
பள்ளத்தூர், ஆவிச்சி ஊருணிக் கீழ்க்கரை மதில்,
பேரூராட்சிக்குப் பாத்தியப்பட்டது,
நீளம் நாற்பத்தாறு அடி.
அதில் எழுத்து ஓடியது பதினொன்று.

முட்டைவெள்ளை பூசி முகம் பார்க்கிற சுவர்களெல்லாம்
எங்கள் ஊரில் பூட்டிய கதவுக்குள்.
இது நிதிக்குழு மானியத்தில் எழும்பி
மூன்றாம் மழையில் பொரிந்துபோன சிமெண்டு.

காதணி விழா இருந்தது அதில்.
கண்ணீர் அஞ்சலி, இரண்டு.
மூலம் பவுத்திரத்துக்கு ஒரு செல்போன் எண்.
சேர்மன் பிறந்தநாளுக்குச்
சேர்மனைவிடப் பெரிய சேர்மன்.
இவற்றில் எதையும் அளக்கச் சொல்லவில்லை.

எழுத்து நேராக இருந்தது,
அதுதான் எனக்கு முதலில் பட்டது.
தையல்கடை உமையாள்
துணி வெட்டக் கோடு போடும் கட்டியால்
மேலும் கீழும் கோடிழுத்துக்கொண்டு
காலை ஒன்பதரைக்கு,
பள்ளிக்கூட வேன்கள் பார்க்கப் பார்க்க,
கடை ஸ்டூலின்மேல் ஏறி நின்று எழுதியிருக்கிறாள்.

"வாசகத்தை அறிக்கையில் எழுதாதே, வெள்ளைக்கண்ணு.
ஆட்சேபகரமான வாசகம் என்று போடு"
என்றார் செயல் அலுவலர்.
போட்டேன்.
புகாரில் அப்படியே போனது,
எஃப்.ஐ.ஆரில் அப்படியே,
குற்றப்பத்திரிகையிலும்.
ஒரு காகிதத்திலிருந்து அடுத்த காகிதத்துக்கு
வாயைக் கட்டிக்கொண்டே நடந்தது அது.
போட்டோவில் முன்னால் வந்து நின்ற வார்டு உறுப்பினர்
பாதியை மறைத்துவிட்டார்.
மிச்சப் பாதியில் அவர் நிழல்.

அன்று மாலையே சுண்ணாம்பு அடித்தாயிற்று.
செலவு ஆயிரத்து நானூற்று எண்பது.
பில் போட்டவனும் நான்தான்.

காரைக்குடி கோர்ட்டில் பதினேழாவது வாய்தா.
"சுவர் யாருடையது?"
பேரூராட்சியுடையது.
"பேரூராட்சி யாருடையது?"
அரசு வக்கீல் எழுந்தார்,
அந்தக் கேள்வி உட்கார்ந்தது.
"காதணி விழாவுக்கு அனுமதி உண்டா?"
பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.
"பார்த்தீர்களா?"
இல்லை.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்படி என்னதான் எழுதியிருந்தது?"

கட்டைப் புரட்டினார்கள்,
முன்னிருந்து பின்னுக்கு,
பின்னிருந்து முன்னுக்கு.
மின்விசிறிக்குத் தாள்கள் பறந்தன.
எங்குமே இல்லை.

"சாட்சிக்கு ஞாபகம் இருக்கிறதா?"

இருக்கிறது.
ஒவ்வொரு எழுத்துக்கும் டேப் வைத்தவன் நான்.
தவிர, பேரூராட்சியில் ரசீது கிழிக்கிற ஆள்
நான் ஒருவன்தான்.
அந்த வரி யாரைப் பார்த்துக் கேட்கிறதென்று
அளக்கும்போதே தெரியும்.

சொன்னேன்.
"கேட்கவில்லை. உரக்க."

"ராத்திரி லாரி ஏறின தண்ணிக்கு
ரசீது எங்கே?"

"டைப் அடிக்க வேண்டும், மெதுவாக."

ராத்திரி.
லாரி ஏறின.
தண்ணிக்கு.
விசைகள் ஓயும்வரை நின்று
ரசீது எங்கே, என்றேன்.

ஆட்டுத் திருட்டு வாய்தாவுக்கு வந்து
பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன்
தலையைத் தூக்கி
"எந்த ஊருணி?" என்றான்.
டவாலி அதட்டினார்.
யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.
செயல் அலுவலர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு தன் கடிகாரத்தைப் பார்த்தார்,
இரண்டும் ஒரே மணிதான்.

உமையாள் என் பக்கம் திரும்பவேயில்லை.
குற்றவாளிக் கூண்டின் கம்பியில்
ஒட்டியிருந்த நூல் ஒன்றை
எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்."

படித்தேன்.
ஓர் இடத்தில் பிழை.
ரசீது என்பதை ரசிது என்று அடித்திருந்தார்கள்.

பேனா கேட்டு வாங்கித் திருத்தினேன்.
பக்கத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன்.