இரண்டு நிமிடக் கதவு

முப்பத்தோரு குளிர்காலம்
தண்டனைக் கூண்டின் கதவைத் திறந்து மூடினேன்.
சம்பளம் கிடையாது.
ஆட்டத்துக்கு ஒரு காபி,
டிரெம்பாத் கடையில் மிஞ்சினால்
கறி அடைத்த ரொட்டி ஒன்று.

அணியின் பெயர் மூன்றாம் ஷிப்ட்.
மற்ற ஊர்க்காரர்கள் கரடி, கழுகு, ஓநாய் என்று
சட்டையில் தைத்துக்கொண்டார்கள்.
ஹாரோ லோடில் விலங்குகளுக்கு
அவ்வளவு மரியாதை இல்லை.
இரவு பதினொன்றுக்குச் செம்புச் சுரங்கத்தில் இறங்கி
ஏழுக்கு ஏறியவர்கள்
தூங்கப்போகும் வழியில் மட்டையைத் தூக்கினார்கள்.
அதுதான் தொடக்கம்.

சுரங்கம் இறைத்துத் தள்ளிய தண்ணீரைப்
பள்ளத்தில் விட்டு உறையவைத்தார்கள்.
பனி லேசாகப் பச்சையடிக்குமாம்.
விழுந்து உதடு கிழிந்தவன்
வாயில் காசு ருசிக்கிறது என்பான்.
ரத்தமும் அப்படித்தான் ருசிக்கும்.
எது எதுவென்று யார் பிரித்துப் பார்த்தார்கள்?

வேலைநிறுத்தம் நடந்த வருடம்
கோல் காத்த ஸ்டிப்பே கிராஹெக் சங்கத்தில்;
அவனுக்கு முன்னால் நின்ற ஊர்ஹோ காஸ்கெலா
கம்பெனிக் காவலில்.
பகலில் கேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்.
ராத்திரி ஒரே நிறச் சட்டை.
பேச்சுவார்த்தை இல்லை.
ஆனாலும் வட்டு பறந்து வந்தபோது
காஸ்கெலா குறுக்கே விழுந்து விலாவில் வாங்கினான்.
ஏனென்று ஸ்டிப்பேயும் கேட்கவில்லை.
ஐந்துக்கு ஒன்று என்று தோற்றோம்.
அந்த ஒன்றை அடித்தது யார் என்பதில்
ஊரில் இன்றும் மூன்று கட்சி.

பிறகு சுரங்கம் மூடினார்கள்.
பம்பு நின்றது. கீழே குடைந்த தெருக்களெல்லாம்
தண்ணீரில் மூழ்கின.
அணி மட்டும்
ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த மார்ச்சில் அதையும் விற்றுவிட்டார்கள்,
குடிக்கிற டம்ளரில் தவிர
பனிக்கட்டி பார்த்திராத தெற்கத்தி நகரத்துக்கு.
புதுப்பெயர் ஏதோ பாம்பாம்.

கடைசி ஆட்டம். நாலுக்கு இரண்டு, எங்களுக்கு இரண்டு.
முடிய நூறு நொடி இருக்கையில்
கோத்ரோவுக்கு விசில்:
மட்டையால் காலை வாரியதற்கு இரண்டு நிமிடம்.
பத்தொன்பது வயது, கியூபெக் பையன்.
உள்ளே வந்து தொப்பென்று உட்கார்ந்தான்.
என்னைப் பார்த்து, "நான் தொடவே இல்லை" என்றான்.
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

மணி அடித்தது.
கை கொடுத்தார்கள், அழுதார்கள்,
யாரோ கோல் வலையை அறுத்துக்கொண்டு போனார்கள்.
தாழ்ப்பாளில் கை வைத்தேன்.
"இன்னும் இருபது நொடி இருக்கு" என்றான்.

பனித்தளம் மெழுகும் வண்டி
வழக்கம்போல் கிளம்பி வந்தது,
நாளைக்கு யாரோ ஆடப்போகிறவர்கள் மாதிரி.
கடிகாரத்தை அணைத்துவிட்டார்கள்.
நான் மனதுக்குள் எண்ணினேன்.
பதினான்கிலோ பதினைந்திலோ
அவன் காபி கேட்டான்.
பாதிதான் இருந்தது.
கொடுத்தேன்.
எண்ணிக்கை தவறிவிட்டது.