வெறுங்கேன்

மேலப்பாளையம். மழை ஏமாற்றிய ஐப்பசி.
ராத்திரி இரண்டு மணிக்கு
இல்லாத கணினிக்குள்
இல்லாத வலை அட்டை ஒன்றுக்கு
டிரைவர் எழுதுகிறேன். மாதச் சம்பளம்.

வளையத்தில் இருநூற்று ஐம்பத்தாறு இடம்.
பஃபரை நிரப்பி மணி அடித்தால்
அந்தப் பக்கத்து ஹோஸ்ட் எடுத்து அனுப்பும்;
'முடிந்தது' என்று எழுதியும் வைக்கும்.
நாங்கள்தான் வாசிப்பதில்லை.
அடுத்த பாக்கெட் போகையில் பார்த்துக்கொள்ளலாமென்று
குறுக்கீட்டை நிறுத்தியவன் நானே.
வேகம் கூடிற்று. கைதட்டினார்கள்.

போக்குவரத்து அடங்கிய இரவுகளில்
கடைசியாகப் போனது
போன பிறகும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கிறது.
அனுப்பிய நிரல்
மூடவும் முடியாமல் கிடக்கிறது.

கதவோரம் தண்ணீர்க் கேன்,
காலியாகி ஒன்பது நாள்.
இப்போது குழாயிலேயே ஆற்றுத் தண்ணீர் வருகிறது,
இனி வேண்டாமென்று வானமாமலைக்குப் போன் போட்டேன்.
"நெறகேன் கேட்டாத்தான் அண்ணாச்சி வெறுங்கேன எடுப்போம்.
வெறுசுக்குன்னு வண்டி விட முடியுமா?"
முன்பணம் நூற்றைம்பது அவனிடம்.

நாலு வரி சேர்த்தேன்:
பத்து மில்லிநொடி எதுவும் போகவில்லையென்றால்
நீயாகவே ஒருமுறை எட்டிப் பார்.
முடிந்தவற்றை விடு.
சோதனை பச்சை காட்டியபோது
பள்ளிவாசலில் பாங்கு.

விடிந்ததும் ஸ்கூட்டரில்
கேனைக் காலிடையில் இடுக்கிக்கொண்டு
குறிச்சி முக்கு வரை போனேன்.
வழியெல்லாம் அதன் வாயில் காற்று ஊதியது.

"இதுக்காகவா இம்புட்டுத் தூரம்?" என்றான்
வானமாமலை, சில்லறை தேடியபடி.